அம்மா பளபளப்பாக்கிய பிரைபேன்

நாற்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது, காக்ஸ் டவுன் பங்களா ஒன்றில் சமையல்காரராக இருந்த அப்பாவுக்கு வேலை போயிற்று. கிளம்பும்போது துரைசாணி ஒரு வார்ப்பிரும்பு பிரைபேனை அவரிடம் கொடுத்தாள். கன்னங்கரேலென்று இருக்கும். என்னால் ஒரு கையில் தூக்க முடியாது. அதைத் தூக்கிக்கொண்டு ஜீவனஹள்ளியில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அதுவரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் இருந்ததே இல்லை. இப்போது பகலெல்லாம் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்தார். பூட்டிக் கிடந்த பங்களாக்களைப் பார்த்துவிட்டு வருவார். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்ததும் அம்மாவை அடுப்படியிலிருந்து எழுப்பிவிட்டு பிரைபேனை ஏற்றுவார். கட்லெட், மிளகு போட்டு வறுத்த ஈரல். அப்போதுதான் அவர் கை நிதானப்படும்.

எனக்கும் தம்பிக்கும் கொண்டாட்டம். அம்மாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. களி கிண்டிப் பழகிய கைகள் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தன.

ஒரு மத்தியானம் அப்பா வேலை தேடிப் போயிருந்தார். அம்மா பிரைபேனை எடுத்து, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தாள். உள்ளிருந்த இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை விடவில்லை.

சாயங்காலம் அப்பா அதைக் கையில் எடுத்தார். "இன்னாடி பண்ணி வச்சிருக்கே?"

"ஒரே அழுக்கு. தேச்சேன்."

"அழுக்கில்லடி அது! வருசக்கணக்கா எண்ணெ குடிச்சி ஏறின கருப்பு. அது இருந்தாத்தான் ஒட்டாது."

அப்படியும் ஈரலைப் போட்டுப் பார்த்தார். அத்தனையும் அடியில் பிடித்துக்கொண்டது. கரண்டியை வீசிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். எங்களைச் சாப்பிடச் சொன்ன அம்மா, தன் தட்டைத் தொடவில்லை. திரும்பி வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் தலை மறைந்ததும் அம்மா பிரைபேனைத் தணலில் வைப்பாள். நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தால் தேய்த்து, புகையவிட்டு, ஆறவிட்டு, மறுபடியும் வைப்பாள். பக்கத்து வீட்டம்மா, வீட்டையே கொளுத்தப் போகிறாயா என்று கன்னடத்தில் அதட்டினாள். அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். முதலில் சுட்ட அடைகள் பிய்ந்து பிய்ந்து வந்தன. நாங்கள் தூளாகவே தின்றோம். மெல்ல மெல்லக் கருப்பு திரும்பியது.

அடை முழுசாகக் கழன்று வந்த அன்று, அப்பா அடுப்படிக்கு வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"நவுரு."

"உக்காருய்யா. போடறேன்."

முருங்கைக்கீரை அடை. ஒரு விள்ளல் வாயில் போட்டவர், எட்டி பிரைபேனுக்குள் பார்த்தார்.

"இன்னா எண்ணெ?"

"நல்லெண்ணெ."

"அங்க பன்னிக் கொழுப்பு ஊத்துவாங்க."

"நம்ம வூட்ல இதான்."

கொஞ்ச நேரம் மென்றார். பிறகு தட்டை நீட்டினார். "இன்னொண்ணு போடு."

அதற்கப்புறம் சீக்கிரமே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டலில் அவருக்குச் சமையல் வேலை கிடைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பழையபடி நாங்கள் மூன்று பேர்தான். அடுப்படி திரும்பக் கிடைத்ததில் அம்மா நிம்மதியாகிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் தெருவில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் அப்பாவோ என்று எழுந்து வாசலுக்குப் போவாள். அடை தீயும் வாசனை வரும். நான்தான் ஓடிப்போய்த் திருப்பிப் போடுவேன்.