என்டர் கட்டையில் காய்ந்த சந்தனம்

வள்ளித்தாய் என் சித்தப்பா மகள். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருசம் பெட்டி ஒட்டினவள். அவளுடைய ஒரே மகள் செல்வலட்சுமி, திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் சாமி படங்களுக்குக் கம்ப்யூட்டரில் நிறம் சேர்க்கிறாள். பன்னிரண்டு வருசமாக அதே நாற்காலி. அம்மன் புடவைக்கு எந்தப் பச்சை என்று அவள் சொன்னால்தான் மிஷினில் மை ஏறும். தாயைப் போலவே பேச்சு குறைவு, சந்தேகம் அதிகம். எண்ணெய் வாங்கினால் மோந்து பார்க்காமல் பையில் வைக்க மாட்டாள்.

எங்கள் பக்கம் அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகளைச் சேர்த்துக் கட்டிய ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றைக்கு வெளியிடுவார்கள். அதுவரை ஒரு படம்கூட வெளியே தெரியக்கூடாது. போன வருசம் அதற்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலையில் செல்வலட்சுமி கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை இரண்டு தடவை இருண்டு இருண்டு வந்தது. பச்சைப் புடவை கட்டியிருந்த அம்மன், மயில்கழுத்து நீலத்தில் நின்றாள்.

முதலாளி ஜெயச்சந்திரன் வந்து பார்த்தார். சனிக்கிழமை இங்கே யார் வந்தது என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மிஷின் ஓட்டுகிற தனுஷ்கோடி, மாரிக்கண்ணன் வந்ததைச் சொல்லிவிட்டார். மாரிக்கண்ணன் அவளுக்குத் தாய்மாமன் மகன். வேறொரு அச்சாபீஸில் இதே வேலை பார்க்கிறவன். மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவன், அவள் டீ வாங்கப் போன நேரத்தில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஆளை உள்ள விட்டது நீ. சாயங்காலத்துக்குள்ள யாரு வேலைன்னு தெரியணும். இல்லேன்னா நாளைக்கு இந்தச் சேர்ல வேற ஆளு" என்றார் முதலாளி.

செல்வலட்சுமிக்கும் அவன்மேல்தான் சந்தேகம். காரணம் பழையது. பதினாறு வருசத்துக்கு முன்னால் மாரிக்கண்ணனுக்கு அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். அவள் அப்பா முத்துக்கருப்பன் கொடுக்கவில்லை. வந்தவர்கள் வைத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். நானும் அங்கே இருந்தேன். அந்த வன்மத்தை இப்போது தீர்த்துக்கொண்டான் என்று நினைத்துப் போன் போட்டாள்.

"என் கம்ப்யூட்டர்ல எங்கன கை வச்ச?"

"உன் சேர்ல உக்காந்தேன், நீ குடுத்த டீயக் குடிச்சேன். வேற ஒண்ணையும் தொடல" என்று வைத்துவிட்டான்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் விடுகிறவள் இல்லையே. திரையைக் கழற்றிப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அங்கே அம்மன் பச்சையாகவே இருந்தாள். வயரை மாற்றினாள், நீலம் போகவில்லை. அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான். படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற கிராபிக்ஸ் அட்டையை ஓட்டுவதற்கு உள்ளே டிரைவர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறதாம். அதைத் திறந்து பார்த்தாள். யாரோ புதுசு ஏற்றியிருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்ட பிறகுதான் அது வேலையைக் காட்டும். அந்த வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்ததை அவள் அணைத்தது சனிக்கிழமை சாயங்காலம்தான். ஏறிய நேரமும் அங்கேயே பதிவாகியிருந்தது: வெள்ளிக்கிழமை, பதினொன்றே கால்.

மாரிக்கண்ணன் வந்தது சனிக்கிழமை.

புதுசை எடுத்துவிட்டுப் பழைய டிரைவருக்கே திருப்பினாள். திரை கறுத்துத் திரும்ப வந்தது. போன வருச ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பச்சைக்குப் பச்சை சரியாக இருந்தது.

முதலாளிக்கு அது போதவில்லை. "அப்ப வெள்ளிக்கிழமை யாரு வந்தா?"

"பதினொண்ணே காலுக்கு நாங்க எல்லாரும் பெரிய மிஷின் பக்கம் சூடம் கும்பிட்டுக்கிட்டு நின்னோம் மொதலாளி. தட்டோட இங்கன வந்தது நீங்க மட்டுந்தான்."

வெள்ளிக்கிழமை பூசையில் ஒவ்வொரு மிஷினுக்கும் அவர் கையால்தான் சந்தனம் குங்குமம் வைப்பார். மற்ற மிஷினுக்கெல்லாம் ஓட்டுகிற பொத்தானுக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டருக்கு, ஓரத்தில் பெரிதாகத் தெரிகிற என்டர் கட்டையில். புது டிரைவர் போடவா என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அன்றைக்கு அவள் பூசைக்கு எழுந்தபோது நடுத்திரையில் நின்றது. ஆடி முடியட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். திரும்பி வந்தபோது அதைக் காணோம். தானாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கீபோர்டை அவர் பக்கம் திருப்பினாள். என்டர் கட்டையில் சந்தனம் வெடித்துக் காய்ந்திருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"பொட்டு வச்சதுக்கா?"

"வைக்கும்போது அமுங்கியிருக்கும். அந்தக் கட்டை அமுங்குனா, கேட்டதுக்குச் சரின்னு அர்த்தம்."

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தவர், "தனுஷ்கோடிக்குச் சொல்ல வேண்டாம்" என்று போய்விட்டார். மறுநாள் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தட்டோடு வந்து, எங்கே வைக்க என்று அவளைக் கேட்டார். அவள் பெட்டியின் முதுகைக் காட்டினாள். ஆல்பமும் ஆடிப்பெருக்குக்கு வெளியானது.

மாரிக்கண்ணன் மட்டும் அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. ஆவணியில் சாத்தூரில் காதுகுத்து. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பந்தல் வாசலில் நின்றவன் அவளைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வா, அத்தை மகளே. சந்தனம் அந்தா இருக்கு, நீயே எடுத்துக்கோ. நான் எதையும் தொடல."