பேஸ்ட் பார்க்கும் பிராங்க்

“இது செட் ஆவாது பெனி.”

நூம்பலில், தன் அடுக்ககத்தின் பார்க்கிங்கில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு டியூபை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி பிராங்க் இதைச் சொல்வார். குரலில் கோபம் இருக்காது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி ஒரு வருத்தம் மட்டும் இருக்கும். தக்காளிக்கு இதையே சொல்வார். வாடகைக்குப் பார்த்த வீடுகளுக்கும் சொன்னார். கடைசியில் இந்த வீட்டை மனைவி பெனிஷாதான் பிடித்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. சரியில்லாத பாகத்தின் மேல் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்தால் வைத்ததுதான், மேனேஜர் வந்து கெஞ்சினாலும் அழியாது. அங்கே அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயின்ட் டப்பாவைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்தால் வீட்டிலும் நல்ல பெயர் இருந்திருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்றும் டீயைக் குடித்துவிட்டு, “யோசிச்சி சொல்றோம்” என்று செருப்பைத் தேடியவர்தான். பெனிஷாவின் அப்பாவுக்கு ஆளைப் புரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறே மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வைத்துவிட்டார். பெயரை மைக்கில் கேட்ட பிறகுதான் தான் யோசித்து முடித்துவிட்டது பிராங்க்குக்கே தெரிந்தது.

அவருடைய பழைய பைக்கின் இன்ஜினில், எப்போதாவது ஒரு சொட்டு ஆயில் கசியும். “ஓட்டு அண்ணாத்தே, ஒண்ணும் ஆவாது” என்றான் வேலப்பன்சாவடியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் முகமது ஆசிக். ஆசிக்கின் கைசுத்தம் போதாது என்று பிராங்க் தானே இன்ஜினை இறக்கிப் பிரித்தார். இன்ஜினின் அடிக்கூடு அலுமினியத்தில் இரண்டு பாதி. இந்த வண்டியில் நடுவே வைக்கிற பேக்கிங் அட்டை கிடையாது, கசிவை அடைக்க வெறும் பேஸ்ட்தான். அதைப் பூசி இரண்டையும் சேர்த்து முறுக்கினால் வேலை முடிந்தது. எந்த பேஸ்ட் என்பதில்தான் மூன்று மாதம் ஓடிவிட்டது. இரண்டு பாதியும் பெனிஷா துணி ஊறவைக்கும் டப்பில் கிடந்தன. துணி பக்கெட்டில் ஊறியது.

சிவப்பு பேஸ்ட் காய்ந்தால் உரியும் என்றார். கருப்பு, கார்க்காரர்களுக்கு. பழுப்பு நிற அரக்கு பேஸ்ட் நல்லதுதான், ஆனால் பிறகு பிரிக்க வேண்டும் என்றால் பிரியாதாம். இன்னும் மூடவே இல்லை, அதற்குள் பிரிக்கிற கவலை. கிரே பேஸ்ட்டில் குறை ஒன்றும் அகப்படாததால், அது எல்லாரும் போடுவது என்று தள்ளிவைத்தார். ஆசிக் ஒரு நாள் பொறுக்க முடியாமல், “நீ பேஸ்ட் பாக்கிறியா, பொண்ணு பாக்கிறியா?” என்று கேட்டான். அவனுக்கு ஓலை வாசித்த கதை தெரியாது. பெனிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு போன வாரத்தோடு நின்றது. வானகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை. நைட் டியூட்டியிலிருந்து பகலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கைரேகை வைக்க வேண்டும். முதல் நாளே தாமதமானால் பகல் டியூட்டி வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த நேரத்துக்கு நூம்பல் உள்ரோட்டில் ஷேர் ஆட்டோ வந்தால் வரும், வராவிட்டால் இல்லை; பைக்கை விட்டால் வழி கிடையாது. பிராங்க்குக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. கம்பெனி வேன் வாசலுக்கே வரும்.

சனிக்கிழமை மதியம் அவளே வேலப்பன்சாவடிக்குப் போய், ஆசிக்கிடம் ஒரு கிரே டியூப் வாங்கி வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிராங்க் எடுத்தார். தேதி பார்த்தார். அமுக்கினார், முகர்ந்தார்.

“நல்லாத்தான் கீது. ஆனா செட் ஆவாது.”

“அட்டையிலயே போட்டுக்கீது, பத்து நிமிஷத்துல செட் ஆவும்னு. நீங்க இன்னா அவனவிட பெரிய ஆளா?”

பிராங்க் டியூபைத் திறந்தார்.

பூசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விளிம்பு நெடுக மெல்லிய கோடு, நடுங்காத கை. ஒரு போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் கோடு விட்டுப்போனது. வழித்தார், துடைத்தார், மறுபடி பூசினார். இந்தத் தடவை கோடு தடித்துவிட்டது. மிச்சம் உள்ளே பிதுங்கி விழுந்தால் ஆயில் போகிற வழியை அடைக்கும். அது நிஜமான பயம்தான். மறுபடி வழித்தார்.

மூன்றாவது கோடு அச்சடித்த மாதிரி விழுந்தது. பிராங்க் குனிந்து தேடினார், குறை இல்லை. அதுதான் அவருக்குச் சந்தேகம். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

பெனிஷா கோட்டைப் பார்த்தாள். பூசும்போது பளபளவென்று இருந்தது, ஒரு ஓரத்தில் காய்ந்து மங்கத் தொடங்கியிருந்தது; முழுக்கக் காய்ந்தால் ஒட்டாது. டியூபைப் பார்த்தாள். அடிவரை சுருட்டியாகிவிட்டது. இன்னொரு டியூப் வாங்கலாம். இன்னொரு டியூப் என்றால் இன்னொரு மூன்று மாதம்.

பல்சக்கரங்கள் எல்லாம் பூசிய பாதியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. அவள் டப்பிலிருந்து மற்ற பாதியைத் தூக்கி, துப்பட்டாவாலேயே விளிம்பைத் துடைத்து, நேராகப் பிடித்து இறக்கினாள். டக்கென்று உட்கார்ந்தது. மேலே இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிக்கொண்டு நின்றாள்.

டார்ச் வெளிச்சம், மூடிவிட்ட இன்ஜின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. பிராங்க் வாயைத் திறந்தார்.

“போல்ட்ட எடுங்க” என்றாள் பெனிஷா.

எடுத்தார். ஒன்றுவிட்டு ஒன்று, குறுக்கும் நெடுக்குமாக, மிக ஒழுங்காக முறுக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆசிக் வந்து ஒரு கை பிடித்து இன்ஜினை வண்டியில் ஏற்றினான். இருட்டுவதற்குள் வண்டி உறுமியது. பிராங்க் அடியில் வெள்ளைப் பேப்பர் விரித்து வைத்தார். விடிகாலையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேப்பர் வாங்கின மாதிரியே இருந்தது. முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. முன்பு வாசலில் ஆயில் சொட்டியதைப் பார்த்திருந்த வாட்ச்மேன் நாகப்பன் குனிந்து இன்ஜினைப் பார்த்துவிட்டு, சொட்டுகூட ஒழுகவில்லையே, எந்தக் கடையில் கொடுத்தது என்று விசாரித்தார். பேஸ்ட் வாங்கியதும் நான், மூடியதும் நான் என்று சொல்லிவிட்டு, பெனிஷா கைரேகை வைக்க உள்ளே நடந்தாள்.

பிராங்க் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவள் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னார்:

“அவ சொல்றத நம்பாத அண்ணாத்தே. ஒவ்வொரு பேஸ்ட்டா பாத்து, இது வேணா, அது வேணான்னு மூணு மாசமா குந்திகினு கயிச்சது யாரு? நானு. அதுலதான் வேலையே கீது. மூடறதுல இன்னா, யாரு வேணா மூடலாம்.”