தூக்கி வைத்த பந்தல்

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். ஆனால் எங்கள் தீவைப் பற்றி எழுத அங்கே பிறந்தவர்களில் வேறு எவரும் முன்வரவில்லை.

புத்தளம் பக்கத்தில், கடலுக்கும் ஆழமில்லாத களப்பு நீருக்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல் திட்டுதான் எங்கள் தீவு. ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரையில் கேட்கும். கடல் மேற்குப் பக்கத்தை அரிக்கும்போதெல்லாம் வீடுகளைத் தூக்கிக்கொண்டு களப்புப் பக்கம் நகர்வோம். அதற்காகவே வீட்டில் ஓர் ஆணிகூட இருக்காது. எல்லாம் கயிற்றுக் கட்டு. கால்களை ஒரு முழத்துக்கு மேல் புதைப்பதில்லை. ஆண்கள் வீட்டைக் கூரையோடு தோளில் எடுக்க, பெண்கள் அடுப்பு நெருப்பைச் சட்டியில் ஏந்தி முன்னால் நடப்பார்கள். பள்ளிவாசலைக்கூட மூன்று முறை அப்படித் தூக்கினார்களாம். இறந்தவர்களின் கபுறுகளைத்தான் தூக்க முடியவில்லை.

வாப்பா கண்டிச் சந்தையில் கருவாட்டுக் கடை போட்டபோது எங்களைப் பக்கத்து மலை ஊரான அலவத்துகொடைக்குக் கூட்டி வந்தார். பெரிய மலேரியாக் காய்ச்சல் வருவதற்கு முந்திய வருடம் அந்த ஊரிலேயே எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மிளகுத் தோட்டக்காரர். அவர் சொல்லை மீறி அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்காது. நான் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

“உங்கட மூத்தவங்கட கபுறெல்லாம் எங்க ஈக்கி?” என்று கேட்டார் பெரியப்பா.

“கடலுக்குள்ள,” என்றார் வாப்பா.

“அப்ப ஊரு?”

“நாங்க தூக்கி வெச்ச இடத்தில.”

“காத்தடிச்சா எங்கட மருமகளும் பறந்து போயிருவாவோ?”

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. “கூரைதான் பறக்கும். எங்கட ஆக்கள் பறக்க மாட்டாங்க,” என்றார்.

பெரியப்பா அரை மனதோடுதான் சம்மதித்தார்.

கல்யாணத்துக்குத் தீவிலிருந்து சாச்சாமாரும் மாமாமாருமாக இருபது பேர் ரயிலில் வந்தார்கள். பந்தலை எங்கள் முறைப்படி அவர்களே கட்டினார்கள். சரிவில் கட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் சமநிலம் இருந்தது, அங்கே போட்டார்கள். வேண்டாமென்று அயல் வீட்டுக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. சின்னச் சாச்சா வானத்தைப் பார்த்து, “ஒரு மேகமும் இல்ல. தண்ணி எங்கயிருந்து வாற?” என்றார். எங்கோ மலையில் பெய்த மழை இங்கே வெயிலில் வந்து சேரும் என்று தீவில் வளர்ந்தவருக்குத் தெரியாது.

அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ஓடை கலங்கிப் பெருகி, பந்தலுக்குள் கணுக்காலளவு நின்றது. விரித்த பாய்கள் மிதந்தன. பெரியப்பா வெயிலுக்குப் பிடித்த குடையை மடிக்காமலே, “சரி, இன்னொரு நாளைக்குப் பாப்பம்,” என்றார். அந்த இன்னொரு நாள் வராது என்று எனக்குத் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சின்னச் சாச்சா சாரத்தை மடித்துக் கட்டினார். “தூக்கு! தோளுக்குத் தூக்கு!” என்று ஒரு குரல் கொடுத்தார். இருபது பேரும் தண்ணீருக்குள் இறங்கிப் பந்தல் கால்களைப் பிடித்தார்கள். ஓலைக் கூரை, வெள்ளைச் சீலை, தொங்கவிட்ட விளக்குகள் எல்லாவற்றோடும் பந்தல் எழுந்து மேட்டுக்கு நடந்தது. உம்மா குசினிக்குள் ஓடி, நெருப்பைச் சட்டியில் அள்ளிக்கொண்டு அதற்கு முன்னால் போனார். ஏறும்போது பின்கால் ஒன்று சரிந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அதற்குத் தோள் கொடுத்தார்.

“மாப்பிள, வாணாம்! உடுப்பு ஊத்தையாகும்!” என்று வாப்பா கத்தினார்.

“பரவால்ல மாமா, நீங்க நடங்க.”

அவரை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

மேட்டில் நட்டு முடித்ததும் பெரியப்பா வந்து ஒரு காலை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. “லெப்பையை வரச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தார். லெப்பை வந்து ஓத, நிக்காஹ் முடிந்தது. சாச்சாமார் சேற்றுக் காலோடு மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில் உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டார்கள். அவர்களின் மகள் நான் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அவர்கள் பந்தலைப் பிரித்து, கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு, கண்டிக்குப் போய் ரயில் ஏறினார்கள். வாப்பா கடையைத் திறந்தார்.