அப்பாவு போட்ட கையெழுத்து

ஆந்திராவின் ராமகுப்பம் மண்டலத்தில் புளியங்குட்டை என்றொரு ஊர். தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. போன ஆவணியில் யாரோ ஒருவர் அதன் கீழே நாற்பது வரி சேர்த்தார். பட்டுப்பூச்சி வளர்த்தது, போர்வெல் வற்றியது, ஆட்கள் பெங்களூருக்குப் போனது, 1996இல் காலனியில் பட்டா வாங்கிய பதினான்கு பேரின் பெயர்கள். கடைசியில், ‘இப்படிக்கு, அப்பாவு, த/பெ ரங்கன்’ என்று கையெழுத்து. அதன் கீழே முகவரி, போன் நம்பர்.

கட்டுரைக்குள் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. அங்கே பக்கங்களைத் திருத்துகிற நான் மொத்தத்தையும் நீக்கிவிட்டு, காரணம் கேட்ட இடத்தில் ‘விஷமம்’ என்று எழுதினேன். புதிதாக வந்தவர் எழுதியதில் கைவைக்கும் முன், எழுதுபவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சுப் பக்கத்தில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது அங்கே முதல் மரியாதை. எனக்குத் தெரியும். ஆனால் அன்று ஞாயிறு, திருப்பதி ஹாஸ்டலில் நான் மட்டும் இருந்தேன், காலையிலிருந்து ஐம்பது பக்கம் சுத்தம் செய்திருந்தேன்.

மூன்றாம் நாள் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி வந்திருந்தது: ‘நான் இன்னா விஷமம் பண்ணேன்?’

நான் நீக்கிய பழைய வடிவத்தைத் திறந்து அந்த நம்பருக்கே போன் செய்தேன்.

“அண்ணா, நான் தேன்மொழி. விக்கியில நீங்க எழுதினதை எடுத்தவ.”

“ஓ, அழிச்ச பொண்ணா? இப்போ போன்லயும் வந்து அழிப்பியா?” சிரித்தார்.

அவர் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்குக் காவல். சீசன் முடிந்தால் ஆலையில் அவரும் காலி டிரம்களும்தான். மனைவி லட்சுமம்மா பெங்களூரில் மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். எட்டாவதோடு நின்ற படிப்பு. ஒற்றை விரலால் பதினோரு நாள் தட்டி எழுதியிருக்கிறார்.

“எம்புள்ள ஜெயச்சந்திரன் சொல்றான், நெட்ல கூட இல்லாத ஊருக்கு இன்னாத்துக்கு நைனா வரணும்னு. சரி, ஏத்திட்டா அவன் பாப்பான்னு ஒக்காந்துக்கினு எழுதுனேன். எங்க நைனா ரங்கன் பேரும் அந்தப் பதினாலுல கீது.”

“கையெழுத்து ஏன்ணா போட்டீங்க?”

“பேர் போடாத காயிதத்த எம்.ஆர்.ஓ. ஆபீஸ்ல எந்தத் தாசில்தாரு வாங்குவான்? மொட்டக் கடுதாசின்னு கெடாசிடுவான்.”

என் நைனாவும் அப்படித்தான். ரேஷன் கார்டுக்கு, என் காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு என்று அவர் கொடுத்த எந்த மனுவும் பெயரும் ஊரும் இல்லாமல் போனதில்லை. அதையெல்லாம் எழுதிக் கொடுத்தவளே நான்தான். அந்தக் கையெழுத்து எப்படி எனக்கு விஷமமாகத் தெரிந்தது?

“தப்பு என்னுதுண்ணா. எல்லாத்தையும் திரும்பப் போட்டுடறேன். ஆனா அந்தப் பதினாலு பேருக்கு ஆதாரம் வேணும்.”

“நான் கீறனே.”

“அச்சுல வந்தது வேணும்ணா.”

“எங்க பேரு அச்சுல வந்தது வோட்டர் லிஸ்ட்டுல மட்டுந்தான்மா. அப்போ நைனா பேரு வராதா?”

வராது என்று தெரிந்தும், “பார்க்கறேன்ணா,” என்றேன்.

பட்டு, போர், பெங்களூர் எல்லாம் கட்டுரைக்குத் திரும்பின. கையெழுத்து, முகவரி, போன் நம்பரை எடுத்துவிட்டேன். பதினான்கு பெயர்களை அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் வைத்து, ஆதாரம் தெரிந்தவர்கள் தர வேண்டும் என்று கேட்டேன். பேச்சுப் பக்கத்தில் கையெழுத்து இல்லாமல் எழுதுவதுதான் தப்பு. அவர் பெயரை அவர் போட்டபடியே போட்டேன். என்னுடையதை வழக்கமாக ஒரு புனைபெயரில் போடுவேன். அன்று மட்டும், ‘தேன்மொழி, த/பெ கன்னையா’ என்று தட்டினேன்.

அந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார்.

“பாத்தேன்மா. உள்ள இல்லாட்டியும் வாசல்லயாவது நிக்கிறோம். புள்ளைக்கு அனுப்பிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“வாட்சப்புல ரெண்டு டிக்கு வுழுந்துது. இன்னும் நீலம் ஆவல.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பேச்சுப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். எங்கள் இரண்டு கையெழுத்துக்குக் கீழே இன்னும் யாரும் எழுதவில்லை.