சம்பங்கி, 112 கிலோ

"ஐப்பசி, முதல் வெள்ளி. சம்பங்கி, 112 கிலோ." என் அக்கா எழுதிய இந்த எடைச்சீட்டு இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கீரமங்கலம் பூச்சந்தையில் அவள் கமிஷன் கடை வைத்திருந்தாள். பள்ளி எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கடைச் சீட்டுகளை மாதவாரியாகக் கம்பியில் கோத்து வைப்பதை நானாக எடுத்துக்கொண்டேன். அப்படிக் கோக்கும்போதுதான் இது கண்ணில் பட்டது. அந்த வெள்ளிக்கிழமை விடாத மழை; சந்தைக்கு ஒரு கூடைப் பூகூட வரவில்லை என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அப்படியானால் இந்தச் சம்பங்கி?

கேட்டதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது நாந்தாண்டா. பேரப் போட்டு எழுதுனா மூட்டை தூக்குறவனுக சும்மா விடுவானுகளா? அக்காவ எறக்க எத்தன ஆளு வேணும்பானுக." மாதத்தின் முதல் வெள்ளியன்று கடை திறந்ததும், யாரும் வருமுன் தராசில் ஏறி நின்றிருக்கிறாள். பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஏழு ஆண்டுகளின் முதல் வெள்ளிகள் ஒவ்வொன்றிலும் சம்பங்கி இருந்தது.

அந்தச் சமயத்தில் நாங்கள் தேடி அலைந்தது இப்படியொரு பல வருட எடைக் கணக்கைத்தான். அவளுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. சம்பங்கிக் கொல்லையின் வரப்பில் நடந்து, மொட்டைத் தொட்டுப் பார்த்து விலை பேசியவள், நாற்காலியை விட்டு எழ என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. "ஒரு தடவ வரப்புல எறங்கி நடந்துட்டா போதும்டா" என்பாள். எடை குறைந்தால்தான் முழங்காலைத் தொடுவோம் என்றார்கள் எலும்பு மருத்துவர்கள். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் திருச்சி போனோம். அங்கே மருத்துவர் முதலில் கேட்டது, "வழக்கமா யார்கிட்டம்மா பாக்குறீங்க?" அக்கா யோசிக்கவே இல்லை. "மெடிக்கல் கடைத் தம்பிகிட்டங்க."

அவர் சிரிக்கவில்லை. பல வருடமாக அவளைப் பார்த்துவரும் ஒரு மருத்துவர், எடையையும் நோய்களையும் எழுதிக் கடிதம் தர வேண்டும் என்றார். அப்படி ஒருவர் எங்களுக்கு இல்லை. காய்ச்சலுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், கால்வலிக்குக் கடை மாத்திரை என்றே அவள் காலம் ஓடியிருந்தது. ஏறி இறங்கிய இடத்திலெல்லாம், "இன்னைக்குத்தானே பாக்குறேன், எப்படி எழுதுறது?" என்றார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது.

கடைசியாக ஆலங்குடியில் ஓர் இளம் பெண் மருத்துவரிடம் சீட்டுக்கட்டைக் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இதை ஆதாரமா வைக்க முடியாதுங்க. ஆனா நான் நம்புறேன். ஆறு மாசம் விடாம வாங்க, நானே பாத்து எழுதித் தாரேன்" என்றார். வெளியே வந்ததும் அக்கா, "நமக்கும் ஒரு டாக்டர் ஆயிருச்சுடா" என்றாள். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை ஐந்து முறை போனோம். அவர் சொன்னபடி சோற்றைக் குறைத்தாள். பங்குனியில் 103. திரும்பும் பேருந்தில், "நூறுக்குக் கீழ போனா ஆப்பரேசன் வேணாம்னுருவாகளோ?" என்று பயந்தாள். அந்தப் பயத்திலும் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

ஆறாவது முறை சித்திரை இரண்டாம் சனி. அதற்கு முந்தைய புதன் காலையில் நெஞ்சுவலி என்றாள். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கடையை இப்போது வேறொருவர் நடத்துகிறார். முதல் வெள்ளிகளில் நான் அங்கே போய் நிற்கிறேன். தராசில் எந்நேரமும் பூ மூட்டைகள்தான் இருக்கின்றன. கண்ணாடிக்கு அடியில், ஐப்பசிச் சீட்டின் பக்கத்தில், அவளுடைய கடைசிச் சீட்டையும் வைத்திருக்கிறேன்: "சித்திரை, முதல் வெள்ளி. சம்பங்கி, 99 கிலோ." அன்று திருவிழா வரத்து, கடை வாசல் கொள்ளாத சம்பங்கி என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. மூட்டை தூக்குபவரையும் கேட்டேன். "அன்னைக்கு இருந்த கூட்டத்துல அக்கா ஏறுனாகளா, பூ ஏறுச்சான்னு யாருங்க பாத்தா?" என்றார். அந்த 99 அக்காவா, பூவா என்பதை இதுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.