பெரியப்பா கொளுத்திய செடிகள்

மஞ்சள் திட்டு விழுந்த தட்டைப்பயறு இலை ஒன்று இன்று காலை என் மேசையில் கிடந்தது. என் பெரியப்பா கண்ணில் அது பட்டிருந்தால் ஒரு நிமிடம் தங்கியிருக்காது. சோழவந்தான் பக்கம் வரப்பில் நடக்கும்போது, அடுத்தவர் காட்டில் நின்றாலும் மஞ்சள் விழுந்த செடியைப் பிடுங்கிக் கொளுத்திவிட்டுத்தான் நகர்வார். ஏன் தொட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. விட்டால் பூச்சி அந்த நோயை ஊர்க்காடு முழுக்கக் கொண்டுபோய்விடும்.

நானோ மதுரையில் ஓர் ஆய்வகத்தில் அந்த நோயைத் தரும் வைரஸைத்தான் வளர்க்கிறேன். மனிதரை அது ஒன்றும் செய்யாது. நோயுற்ற இலையை அரைத்து, வைரஸைப் பிரித்து ஒரு ஜெல்லில் கலந்தால், அதைப் பற்றிக்கொண்டு புதுச் சதை வளருமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு ஒரு மருந்து. பெரியப்பாவுக்கும் வலது பாதத்தில் அதே புண். கட்டு மாற்றுவதற்காகக் கோச்சடையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்.

"என் காலுக்கு எப்பத்தா போடுவ?"

"மொதல்ல எலிக்கு, பெரியப்பா. மனுசருக்கு வர வருசக்கணக்காகும்."

"எலி குடுத்து வச்சதுதேன்" என்று சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு அவரையும் அழைத்துப் போனேன். செடிகள் நின்ற வலைக் குடிலில் அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்த் திரும்பினால், வெளியே புகை. மஞ்சள் விழுந்த செடி ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் சருகோடு சேர்த்துக் கொளுத்தியிருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த பச்சைச் செடிகள் மட்டும் நின்றன.

"மருந்துச் செடிக்குச் சீக்கு ஒட்டிக்கிரும்ல, அதேன் புடுங்கிட்டேன். இம்புட்டுப் படிச்சு இதைக் கவனிக்கலையேத்தா."

எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தச் சீக்குதான் மருந்து என்று சொல்லிவிட்டேன். துண்டை உதறித் தோளில் போடப்போனவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என் மருந்தையவா கொளுத்திப்புட்டேன்?"

வைரஸ் குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தது. மறுவாரமே புதுச் செடிகளில் ஏற்றினோம். பழைய செடிகள் எரியாமல் இருந்திருந்தாலும் மருந்து அவர் காலுக்கு வந்து சேர்ந்திருக்காது. ஆனால் மழைக்காலத்தில் அவர் கால்விரல்கள் கறுத்து, காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. என் கையாலேயே தீ வைத்துக்கொண்டேன் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எத்தனை விதமாக விளக்கியும் அவர் ஏற்கவில்லை.

ஊர் திரும்பியபின் அவர் காட்டிலேயே மஞ்சள் விழுந்தது. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தாராம், ஒரு செடியையும் தொடவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். அடுத்த வருடம் பெரியப்பா போய்ச் சேர்ந்தார்.

எங்கள் ஜெல் இன்னும் எலிகளைத் தாண்டவில்லை. மேசையில் கிடந்த இலையை எடுத்து அரைக்கப் போட்டேன். அன்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் பெரியப்பா சொன்னது இவ்வளவுதானாம்:

"விட்டு வையிப்பா. யாரு காலுக்காச்சும் ஆகும்."