மண்டோரின் மோட்டாரும் இனிப்பு நீரும்

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டுவிட்டு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். புக்கிட் ரோத்தான் பக்கத்துக் கிளினிக்கில் தாதியாக, இவர்கள் வாயில் மிஸ்ஸியாக, இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவள் நான். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்கள் தின்கிற சோற்றைக் குறைத்துச் சொல்வார்கள் என்பது எனக்கு அத்துப்படி என்ற திமிர் இருந்தது.

அவருடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு பத்து; ஏழுக்குள் இருக்க வேண்டியது. அடுத்த முறையும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். முனியாண்டியின் அப்பாவுக்கு ஊசி போட ஆரம்பித்த வருஷம்தான் ஒரு காலை வெட்டி எடுத்தார்கள். அதனால் ஊசி வந்தால் காலும் போய்விடும் என்று மனிதர் நடுங்கினார்.

"எங்க அண்ணன் திங்கிற சோறுதான் நானும் திங்கிறேன். ஒரே வீடு, ஒரே பானை" என்றார். அண்ணன் காளியப்பன் அதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர்.

"ஒங்க வாய ஒங்களால கட்ட முடியல, அண்ணன எதுக்கு இழுக்கிறீங்க?" என்றேன். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் தோட்டத்தில் இரத்தப் பரிசோதனை முகாம். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கவே அண்ணனின் இரத்தத்தை எடுத்தேன். மத்தியானம் அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டேன். அண்ணன்தான் மறுசோறு கேட்டார். தம்பி கேட்கவில்லை. அண்ணனின் மூன்று மாதச் சர்க்கரை அளவோ ஐந்தரை, சுத்தம்! மூன்று வயது மூத்தவர் வேறு. எனக்கு மண்டை காய்ந்தது.

புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மனுஷன் லட்சக்கணக்கான வருஷமா சாப்பாட்டத் தேடி நடந்தவன் மிஸ்ஸி. கெடச்சதக் கொழுப்பா சேத்து வச்ச ஒடம்புதான் பஞ்சத்துல தப்பிச்சிருக்கும்னு சிலர் சொல்றாங்க. அதுல இன்னும் வாதம் இருக்கு. ஆனா ஒடம்பு நடக்கறதுக்குன்னு உருவானது, அது நிச்சயம். தம்பி எப்ப மண்டோர் ஆனாரு?"

அவருடைய நோயாளி கார்டைப் புரட்டினேன். அதுவரை அண்ணனைப் போலக் குலை வெட்டி நாளெல்லாம் நடந்தவர், மண்டோராகி மோட்டார் ஏறியது ஆறு வருஷத்துக்கு முன். நோய் கண்டது நாலு வருஷத்துக்கு முன்.

மறுபடி முனியாண்டியிடம் போய், மோட்டாரை ஆபீசில் விட்டுவிட்டு நடக்கச் சொன்னேன்.

"மண்டோரு நடந்து போனா ஆளுங்க மதிப்பானுங்களா? பதவிய விட்டு எறக்கிட்டாங்கன்னு நெனப்பானுங்க லா."

நியாயம்தான். மண்டோருக்கு மோட்டார்தான் மரியாதை. "குலையிலேர்ந்து கொட்டின உதிரிப் பழம் கெடக்கான்னு பாக்கறேன்னு சொல்லுங்க. மோட்டார்ல போனா புல்லுக்குள்ள கெடக்கிறது தெரியுமா?" என்றேன். யோசித்தார். மறுநாளிலிருந்து செம்பனை மரங்களுக்கிடையே நிரை நிரையாக நடந்தார். மாத்திரையையும் விடவில்லை, சோற்றையும் கொஞ்சம் குறைத்தார்.

மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை அளவு ஏழே முக்கால். ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. முனியாண்டி என் மேசைக்கு வந்தார்.

"அன்னைக்கு உண்மையத்தான் சொன்னேன். நீங்கதான் நம்பல."

"தப்பு என்னுது. மன்னிச்சிருங்க" என்றேன்.

நோயாளியைப் பேசவிட்டுக் கேட்க நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். அதற்குமுன் எத்தனையோ பேரை வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று விரட்டியிருக்கிறேன். அவர்களில் பலர் திரும்பக் கிளினிக்குக்கு வரவேயில்லை.